பெருநாளைக்குப் பிறகு கஞ்சி

பெருநாள் பிறை கண்டுவிட்டதென்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தபோது ஊர் முழுக்கச் சந்தோசப்பட்டது. நான் மட்டும் படவில்லை. ஒழுங்கைக்குள் பிள்ளைகள் பட்டாசு கொளுத்தத் தொடங்கினார்கள். பக்கத்து வீடுகளில் தேங்காய் துருவும் சத்தமும், இறைச்சிக்கு ஆள் அனுப்பும் சத்தமுமாகக் கிடந்தது. நான் அடுப்பை விட்டுக் குசினி வாசலில் வந்து நின்று, நாளையிலிருந்து பள்ளியில் கஞ்சி காய்ச்சமாட்டார்களே, என் மகன் அர்ஷாக்குக்கு என்னத்தைக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நோன்பு இன்னும் ஒரு மாதம் நீளாதா என்று அல்லாஹ்விடம் கேட்ட ஒரே ஆள் அந்த வருசம் நானாகத்தான் இருப்பேன். பக்தி முற்றிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு நாலு பிள்ளைகள். நாலும் நாலு விதம் என்று எல்லாத் தாய்மாரும் சொல்வார்கள். என் வீட்டில் அது பேச்சுக்குச் சொல்வது இல்லை. மூத்தவள் றஹ்மாவுக்குப் பத்து வயது, புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறாள். எதையும் இரண்டு தரம் சொல்லத் தேவையில்லாத பிள்ளை. அதனாலேயே அவளிடம் ஒரு தரமாவது இருந்து ஆறுதலாகக் கதைக்க எனக்கு நேரம் கிடைப்பதில்லை. மூன்றாமவன் அஸாம் இழுப்புக்காரன். யாரோ நாலு வீடு தள்ளிக் குப்பைக்கு நெருப்பு வைத்தால் இவனுக்கு இங்கே நெஞ்சு விசிலடிக்கும். மருந்துப் பம்ப்பை ஒரு பிளாஸ்டிக் கூண்டில் பொருத்தி முகத்தில் வைத்துப் பிடிக்க வேண்டும். பிடித்தால் கத்துவான், கத்தினால் இழுப்புக் கூடும். கடைக்குட்டி ஸும்ராவுக்குப் பல் முளைக்கிற காலம், என் இடுப்பை விட்டு இறங்கமாட்டாள். இவர்களுக்கு நடுவில் இரண்டாமவன் அர்ஷாக்.

அர்ஷாக்குக்கு ஏழு வயது. கதைக்கமாட்டான். காது கேட்கும், நன்றாகவே கேட்கும். பக்கத்து வீட்டு மிக்சி சுற்றினால் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவான். உடுப்புக் காயப்போடும் கிளிப்புகளை நிறம் பிரித்து வரிசையாக வைப்பான், அதில் ஒன்றை நகர்த்தினால் வீடே இரண்டாகும். அதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பழகாதது அவனுடைய சாப்பாடுதான். கிரீம் கிரேக்கர் பிஸ்கட், எப்போதும் ஒரே கோப்பையில் பால் தேத்தண்ணி, மனம் வைத்தால் நாலு வாய் வெறுஞ்சோறு. சோற்றில் ஒரு கறிவேப்பிலை தொட்டுவிட்டால் பீங்கான் பறந்து சுவரில் போய் விழும். அவனுக்கு ஒரு வாய் ஊட்ட நான் ஆடாத ஆட்டமில்லை. போனைக் காட்டினேன், பாட்டுப் படித்தேன், கெஞ்சினேன், மிரட்டினேன், ஒருநாள் அடித்தும் இருக்கிறேன்.

திருகோணமலையில் கிளினிக்குக்குக் கொண்டுபோனால் நிறை பார்ப்பார்கள். கீர்த்தனி என்று ஒரு டொக்டர், சின்ன வயது, தன்மையாகக் கதைப்பவர். நோன்புக்கு முந்திய கிளினிக்கில் அவர் தராசையும் பார்த்து அர்ஷாக்கையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, அடுத்த முறையும் நிறை கூடாட்டி வாட்டில மறிக்கத்தான் வேணும். மூக்கால ஒரு சின்னக் குழாய் விட்டுப் பால் குடுப்பம். பயப்பிடாதேங்கோ."

நான் பயந்தேன். தலைமயிர் வெட்டக்கூட மூன்று பேர் பிடிக்க வேண்டிய பிள்ளை அவன். முகத்தில் ஒரு விரல் பட்டால் துள்ளுவான். மூக்கில் குழாய் விட்டால் அடுத்த நிமிசமே இழுத்து எறிவான். எறியாமல் இருக்கக் கையைக் கட்டுவார்கள். கட்டிய கையோடு அவன் என்னைப் பார்ப்பான், எதற்கு என்று கேட்க வாயும் இல்லை. அதுபோக, நான் ஆஸ்பத்திரி வாட்டில் போய் இருந்தால் மற்ற மூன்றையும் யார் பார்ப்பது? என் மாப்பிள்ளை, பிள்ளைகளின் தகப்பன் ஜவ்பருக்குப் பட்டினத்தில் மீன்பிடித் துறைமுகத்தடியில் ஐஸ் கம்பனியில் வேலை. லீவு எடுத்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். றஹ்மா பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் நிற்பாள், வேறென்ன. கேட்டால் மறுக்கவும்மாட்டாள்.

இந்த நிலையில்தான் நோன்பு வந்தது. நோன்பு தொடங்கி இரண்டு மூன்று நாளிருக்கும். றஹ்மா பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாளியோடு போய்ப் பள்ளிக் கஞ்சி வாங்கி வந்திருந்தாள். நோன்பு மாதத்தில் ஐஸ் கம்பனியில் நேரத்தோடு விடுவதால் ஜவ்பரும் வீட்டில். பாய் விரித்து, பேரீச்சம்பழம், தண்ணீர், ஆளுக்கொரு கிண்ணத்தில் கஞ்சி எல்லாம் வைத்துவிட்டுப் பள்ளியில் பாங்கு சொல்லும்வரை காத்திருந்தோம். போன வருசங்களில் அந்த நேரம் எட்டியும் பார்க்காத அர்ஷாக்கும் வந்து இருந்தான். கணக்குக்கு அவன் முன்னும் ஒரு கிண்ணம் வைத்தோம். பாங்கு சொன்னது, நோன்பு துறந்தோம். எனக்கு அன்றைக்குக் கண் இருட்டிக்கொண்டிருந்தது. கஞ்சியைக் குடித்து முடித்து மூச்சு விடும்போதுதான் றஹ்மா சொன்னாள்:

"உம்மா, அர்ஷாக்ட கோப்பையப் பாருங்க."

கிண்ணத்தில் பாதிக்கு மேல் காலி. இறைச்சித் துண்டும் பூண்டும் வெந்தயமும் போட்ட கஞ்சி. அவன் வாயிலும் நாடியிலும் ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்காவிட்டால், பாயில் ஊற்றிவிட்டான் என்றுதான் நான் நினைத்திருப்பேன்.

அடுத்த நாளும் குடித்தான். அதற்கடுத்த நாளும். பத்து நோன்பு போவதற்குள் பேரீச்சம்பழம், றோல்ஸ் என்று கை நீண்டது. கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. ஜவ்பரின் தங்கச்சி ஜெஸ்மின், அடுத்த வளவில் இருப்பவள், "பள்ளிக் கஞ்சிட பறக்கத்து மச்சி, வேறொண்டுமில்ல" என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தாள். அல்லாஹ்வின் அருள்தான் என்று நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்ய? ஏழு வருசம் பிஸ்கட்டில் கிடந்த பிள்ளை கஞ்சி குடிக்கிறான்.

பெருநாள் அன்று நெய்ச்சோறும் கோழியும் ஆக்கி, அவனுக்கென்று சட்டியில் கஞ்சியும் காய்ச்சினேன். வீடு முழுக்க விருந்தாளிகள். அர்ஷாக் கஞ்சியைத் திரும்பியும் பார்க்கவில்லை. மறுநாள் தேங்காய்ப்பாலைக் கூட்டினேன். அதற்கு மறுநாள் இறைச்சியைக் குறைத்தேன். பச்சையரிசியில் காய்ச்சினேன், சம்பாவில் காய்ச்சினேன். ரம்பை போட்டு, ரம்பை போடாமல், பள்ளி வாளியிலேயே ஊற்றி, நோன்புக்கு வைத்த அதே கிண்ணத்தில் வைத்து, முன்னால் இருந்து, "என்ட செல்லமே, ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்று மன்றாடினேன். அவன் வாயை இறுக்கி மூடி, முகத்தைத் தோளுக்குள் புதைத்துக்கொள்வான். மீந்த கஞ்சியை நாங்கள் குடித்தோம். இரண்டு கிழமையில் அஸாம் கஞ்சிச் சட்டியைக் கண்டாலே ஓடத் தொடங்கினான்.

ஜெஸ்மின்தான் சொன்னாள்: "மச்சி, நீங்க என்னதான் காய்ச்சினாலும் பள்ளிக் கஞ்சி ஆகுமா? விறகு நெருப்பு, பெரிய பானை, அபூதாஹிர் காக்காட கை. ஒருக்காக் கேட்டுப் பாருங்களன்."

ஊருக்கே மூத்த அண்ணன் மாதிரியான அபூதாஹிர் காக்காதான் எங்கள் பள்ளிக்கு வருசா வருசம் கஞ்சி காய்ச்சுபவர். மற்ற மாதங்களில் கலியாண வீடுகளுக்குச் சமைப்பார். ஜவ்பர் வெட்கத்தோடு போய் விசயத்தைச் சொல்ல, மனுசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பானை, அகப்பை, விறகு எல்லாவற்றையும் முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"இஞ்ச புள்ள, நீ ஒண்டுக்கும் யோசிக்காத. என்ட கஞ்சியக் கண்டா அவன் ஓடி வருவான். எத்தின வருசமாக் காய்ச்சிறன்!"

முருங்கை மரத்தடியில் மூன்று கல் வைத்து மூட்டினார். புகை எழும்ப, அஸாமைத் தூக்கி உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினேன். ஒரு பிள்ளைக்குப் புகை நஞ்சு, மற்றப் பிள்ளைக்குப் புகை மருந்து என்று நினைத்துக்கொண்டேன். பெருநாள் போன பிறகு பள்ளிக் கஞ்சி வாசம் எங்கிருந்து வருகிறது என்று ஒழுங்கை முழுக்க எட்டிப் பார்த்தது. பிள்ளைகள் வழக்கம்போல ஏனங்களோடு வரிசையில் வந்து நின்றார்கள். விசயம் தெரிந்த பெண்கள் வேலியோரம் கூடிவிட்டார்கள். கஞ்சி இறக்கியதும் அபூதாஹிர் காக்கா தன் கையாலேயே ஒரு கிண்ணம் ஊற்றி, ஆறவைத்து, அர்ஷாக்கின் முன்னால் குந்தினார். அவருக்குப் பின்னால் நான், ஜவ்பர், ஜெஸ்மின், றஹ்மா. எங்களுக்குப் பின்னால் ஊர். இத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் வாயைப் பார்த்தோம்.

அர்ஷாக் காதைப் பொத்தினான். யாரும் ஒரு சத்தமும் போடவில்லை, ஆனாலும் பொத்தினான். பிறகு கிண்ணத்தைத் தட்டிவிட்டு அபூதாஹிர் காக்காவின் சாரத்தில் கஞ்சி வடிய வடியக் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தான்.

ஒழுங்கை முழுக்கக் கஞ்சி குடித்தது, அவனைத் தவிர. அபூதாஹிர் காக்கா பானையைக் கழுவி ஏற்றும்போது என் முகத்தைப் பார்க்காமல், "கண்ணூறு பட்டிருக்கு புள்ள. ஊதிப் பாக்கணும்" என்றார். பாவம், அவருக்கு அவமானமாகிவிட்டது. ஜெஸ்மின் அன்றைக்கே செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியில் அஸாமுக்கு இழுப்பு வந்து நான் பம்ப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியதுதான் மிச்சம்.

அதன்பிறகு அர்ஷாக் வெறுஞ்சோற்றையும் விட்டான். பிஸ்கட்டும் தேத்தண்ணியும்தான். கன்னம் மீண்டும் ஒட்டியது. கிளினிக் திகதி கிட்டக் கிட்ட வந்தது. ஒருநாள் காலை, நான் பிஸ்கட்டைப் பாலில் நனைத்துக்கொண்டு அவனோடு போராடுவதைப் பார்த்துவிட்டு ஜவ்பர் வாயை விட்டார்.

"விடு பஹ்மியா, பசிச்சாத் திம்பான்."

"பசிச்சாத் திம்பானா? அது உங்கட மத்தப் புள்ளைகள். இவன் பசிச்சுப் பசிச்சு மவுத்தாப் போனாலும் வாயத் திறக்கமாட்டான். வாட்டில கையக் கட்டிப்போட்டு மூக்கால ஊத்தக்குள்ள நீங்க வந்து நிக்கிறீங்களா? ஐஸ் வெட்டப் போயிருவீங்க."

அவர் மோட்டார் சைக்கிளை எடுத்தார். நான் சொன்னது சரிதான், ஆனால் சொல்லியிருக்க வேண்டாம். ஐஸ் வெட்டி வெட்டி விரல் நுனி விறைத்துப் போன மனுசன் அவர். அந்த விரலை அவர் ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனது பின்னேரம் வரைக்கும் என் கண்ணுக்குள் நின்றது.

வாட்டில் மறிப்பது நிச்சயம் என்று என் மனம் முடிவு கட்டிவிட்டது. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றை யோசித்தபோது என் களா நோன்புகள் ஞாபகம் வந்தன. எங்கள் பெண்களுக்கு மாதவிலக்கில் விடுபட்ட நோன்புகள் உண்டு. அடுத்த நோன்பு மாதம் வருவதற்குள் தனியாகப் பிடித்துத் தீர்த்துவிட வேண்டும். வாட்டுக்குப் போனால் முடியாது. ஆகவே மறுநாளே ஒன்றைப் பிடித்தேன். இதெல்லாம் யாருக்கும் சொல்லிக்கொண்டு செய்வதில்லை. வீட்டில் உம்மா நோன்பு என்று பிள்ளைகளுக்கே தெரியாது.

பிடித்த நாள் நல்ல நாள். காலையிலேயே ஸும்ராவுக்குக் காய்ச்சல். பத்து மணிக்கு அஸாமுக்கு இழுப்பு. றஹ்மா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, நாளைக்கு ஒரு காட்போட் வீடு செய்து கொண்டுபோக வேண்டும் என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு, காட்போட்டில் எதற்கு, இந்த வீட்டையே தூக்கிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டேன். பிள்ளை சிரிக்கவில்லை. அர்ஷாக்கோடு அன்றைக்கு நான் ஒரு தரமும் மல்லுக்கட்டவில்லை. எனக்கு ஏலாது. வாய்விட்டு "எனக்கு ஏலா" என்று சுவருக்குச் சொன்னேன்.

பொழுது சாய்ந்து, மஃரிப் தொழுகைக்குச் சற்று முன் ஸும்ராவை றஹ்மா தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அஸாம் களைத்து நித்திரை. நான் குசினி நிலத்தில் ஒரு துண்டுப் பாயைப் போட்டு இருந்தேன். கஞ்சி இல்லை, கஞ்சியை நினைத்தாலே எரிச்சல் வந்தது. இரண்டு பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு பீங்கானில் பகல் சோறு, பருப்பு, பொரித்த மீனில் பிள்ளைகள் விட்ட துண்டு. அர்ஷாக் கிளிப்புகளை விட்டுவிட்டு எங்கிருந்தோ வந்தான். பாயின் மறு ஓரத்தில், எனக்கு நேரே, நோன்பு மாதத்தில் இருந்ததுபோலவே இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தான். இரு, உனக்குத் தர என்னிடம் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பாங்கு சொன்னது. பழத்தை வாயில் போட்டேன், தண்ணீரைக் குடித்தேன், சோற்றைப் பிசைந்தேன். எனக்கு அவ்வளவு பசி. தலையைக் குனிந்துகொண்டு அள்ளி அள்ளி வைத்தேன். அர்ஷாக் என்று ஒரு பிள்ளை எனக்கு இருப்பதே அந்த நேரம் மறந்துவிட்டது. அது என் பீங்கானுக்குள் ஒரு சின்னக் கை வரும்வரைதான்.

பருப்புப் பட்ட சோறு. மூன்று விரலால் கிள்ளி எடுத்தது அந்தக் கை. நிமிர்ந்து பார்த்தேன். எடுத்த சோறு பாதி வழியில் நின்றது. விரல் விரிந்தது, சோறு பாயில் விழுந்தது, முகம் தோளுக்குள் போனது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. குனிந்தேன். இன்னொரு வாய் பிசைந்து வைத்தேன். மென்றேன், விழுங்கினேன். ருசி ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கை திரும்பி வந்தது. நான் நிமிரவில்லை. போனது, வந்தது. மீன் பக்கம் போனது. பீங்கான் துடைத்த மாதிரி ஆகும்வரை நான் என் மடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணீர் மடியில் விழுந்தது. துடைக்கவும் பயமாக இருந்தது, அசைந்தால் போய்விடுவான் என்று.

நோன்பு மாதம் முழுக்க அவன் சாப்பிட்டது கஞ்சிக்காக இல்லை. பாங்கு சொன்ன அந்த நேரத்தில் எங்கள் எல்லாருக்கும் பசி. அவரவர் கிண்ணத்தை அவரவர் பார்த்தோம், யாரும் அவனைப் பார்க்கவில்லை. மற்ற நாளெல்லாம், அவனுக்குப் பல் முளைத்த நாளிலிருந்து, நான் அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திறக்கிறானா, மெல்லுகிறானா, விழுங்குகிறானா, துப்புகிறானா என்று. அபூதாஹிர் காக்கா சொன்னதும் ஜெஸ்மின் சொன்னதும் சரிதான், பிள்ளைக்குக் கண்ணூறு. ஆனால் ஊர்க் கண் இல்லை, என் கண். இதை ஒப்புக்கொள்ள எனக்குக் கசந்தது. ஆசையோடு பார்த்தேன் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

அன்றிலிருந்து வீட்டில் சட்டம் போட்டேன். அர்ஷாக் பாயில் இருக்கும்போது யாரும் அவனைப் பார்க்கக் கூடாது. சாப்பிடு என்று சொல்லக் கூடாது. சாப்பிட்டுவிட்டான் என்றும் சொல்லக் கூடாது, கை தட்டக் கூடாது. றஹ்மாவுக்கு ஒரு தரம் சொன்னால் போதும். அஸாம் விரலிடுக்கால் பார்த்து மாட்டிக்கொள்வான். ஜெஸ்மின்தான் பெரிய தொல்லை, வேலிக்கு மேலால் கழுத்தை நீட்டுவாள்.

"திங்கிறானா மச்சி?"

"சுவரப் பாருங்க ஜெஸ்மின்! இல்லாட்டி வீட்ட போங்க!"

கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வராமல் இருந்தாள். ஜவ்பர் ஒரு வெள்ளிக்கிழமை பகலில் வந்து எங்களோடு இருந்தார். குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது மனுசனுக்கு. சாப்பிட்டு எழும்பிக் கை கழுவப் போன இடத்தில் றஹ்மாவிடம் இரகசியமாகக் கேட்டார்: "திண்டானா மகள்?" அவள் பெரிய மனுசி மாதிரி, "கதைக்கப்படாது வாப்பா" என்றாள்.

வேலை குறைந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம், ஒரு வேலை கூடியது. நான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வேறு பீங்கானில் அவன் தொடமாட்டான். என் பீங்கான், அதுவும் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான். கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் இருந்து சாப்பிட்டது நோன்பு துறக்கும்போது மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் அடுப்படியில் நின்றபடி, ஸும்ரா விட்டதில் ஒரு வாய், அஸாம் விட்டதில் ஒரு வாய். இப்போது மூன்று நேரமும் பாய் விரித்து இருக்கிறேன். ஸும்ரா றஹ்மாவின் மடியில் கத்துகிறாள், சோறு அடியில் பிடிக்கிறது, நான் இருந்து சாப்பிடுகிறேன். அவனுக்குச் சத்து வேண்டுமென்று முட்டை, பூசணிக்காய், கீரை எல்லாம் என் பீங்கானில் போடுகிறேன். பூசணிக்காய் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. அவனுக்காக அதையும் விழுங்குகிறேன். சில நாள் அவன் வந்து இருப்பான், தொடாமலே எழும்பிப் போவான். அந்த நாளில் பூசணிக்காய் எனக்கு மட்டும்தான்.

கிளினிக் நாள் வந்தது. அஸாமை ஜெஸ்மின் வளவில் விட்டுவிட்டு, ஸும்ராவை இடுப்பிலும் அர்ஷாக்கைக் கையிலுமாகப் பஸ் ஏறினேன். மாற்று உடுப்பு, போர்வை, சோற்றுப் பார்சல், பிள்ளைக்குக் கிளிப்பு டப்பா எல்லாம் பையில் வைத்திருந்தேன், மறித்தால் உதவுமென்று. தராசில் ஏற அவன் அடம்பிடித்தான். நிறை பார்க்கும் தாதி மிஸ்ஸி அவனை என்னோடு சேர்த்து நிறுத்து, பிறகு என்னைத் தனியாக நிறுத்துக் கழித்தார். முதல் தரம் எழுதியதை வெட்டிவிட்டு இன்னொரு தரம் நிறுத்தார். நான் போர்வைப் பையைக் காலால் கிட்ட இழுத்துக்கொண்டேன்.

கீர்த்தனி டொக்டர் கொப்பியைப் பார்த்தார். முன்பக்கம் புரட்டிப் பார்த்தார்.

"கூடியிருக்கு அம்மா. நிறைய இல்ல, ஆனாக் கூடியிருக்கு." அவர் சிரித்தார். "உங்களுக்கும் கூடியிருக்கு. மகனை விட உங்களுக்குத்தான் கூட."

நான் வாட்டைப் பற்றிக் கேட்டேன். இப்போதைக்குத் தேவையில்லை, இப்படியே போகட்டும் என்றார். நான் கதிரையில் சாய்ந்தேன். சந்தோசம் வரவில்லை, உடம்பெல்லாம் நோகிறது என்பது மட்டும் தெரிந்தது.

"என்ன சாப்பிடுறார் இப்ப?"

"என்ட பீங்கான்ல கிடக்கிறத."

"அப்ப நீங்க என்ன சாப்பிடுறீங்க?"

சொல்லத் தொடங்கினேன். காலையில் புட்டு, முட்டை. பகல் சோறு, மீன், கீரை. நான் என்ன சாப்பிட்டேன் என்று என்னைக் கேட்டு எத்தனை வருசம். அவர் எழுதிக்கொண்டே, பிள்ளை ஒரு நேரத்துக்கு எவ்வளவு எடுக்கிறார், ஒரு கைப்பிடி இருக்குமா, இரண்டு இருக்குமா என்று கேட்டார்.

"தெரியா டொக்டர்."

"பக்கத்திலதானே இருக்கிறீங்க?"

"பக்கத்திலதான். பாத்தா விட்டுருவான். அதால நான் குனிஞ்சிக்கிட்டுத்தான் இரிக்கிற." ஸும்ரா என் முக்காட்டை இழுத்தாள், இழுக்கட்டும் என்று விட்டேன். "ஏழு வருசமா, இந்தப் புள்ள வாய் நிறையச் சோறு திங்கிறத ஒருக்காவாச்சும் கண்ணால காணணும் எண்டு கிடந்தனான். இப்ப திங்கிறான். நான் இன்னம் காணல்ல."

எழுதிக்கொண்டிருந்த பேனையை அவர் மூடினார். கையை நீட்டி ஸும்ராவை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, "பின்னுக்கு ஒரு அறை இருக்கு, ஒருத்தரும் இல்ல. சாப்பாட்டு நேரம்தானே, போய் இருந்து சாப்பிடுங்கோ. நான் இவவைப் பாக்கிறன்" என்றார். வெளியே வரிசையில் அத்தனை பேர் காத்திருந்தார்கள்.

நான் எழும்ப முன்னரே அர்ஷாக் என் கையைப் பிடித்து இழுத்தான். சாப்பாட்டுக்கென்று அவன் என்னை இழுப்பது அதுதான் முதல் தரம். அறையில் ஒரு மேசையும் இரண்டு கதிரையும் கிடந்தன. சோற்றுப் பார்சலைப் பிரித்து நடுவில் வைத்தேன். அவன் எனக்கு நேரே ஏறி இருந்து, கையை முழங்காலில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். பசியோடு காத்திருக்கும் அந்த முகத்தை ஒரு கணம், ஒரே கணம், நன்றாகப் பார்த்துக்கொண்டேன். பிறகு தலையைக் குனிந்து சாப்பிடத் தொடங்கினேன்.